திரும்பி வரும் வழி

போன வாரம் கடைக்கு ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். வலது காலை இழுத்துத்தான் நடந்தான். செம்பட்டியில், வத்தலக்குண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் உதவித்தொகைக்கும் மனு போட்டுக் கொடுப்பேன். ஆனால் அவன் மனு போட வரவில்லை.

"அண்ணே, மில்லுல வேலைக்குக் கூப்பிடுறாங்க. போனா மாசப் பணத்த நிறுத்திருவாங்களாண்ணே?"

எனக்கு மூன்று வயதில் போலியோ வந்தது. இடது கால். 2011-ல் உதவித்தொகை 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனபோது அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய் தேங்காய் உடைத்தார். பெரிய பணம் இல்லைதான். ஆனால் அதை நம்பி மளிகைக் கடையில் கடன் சொல்லலாம்.

2014-ல் ஒரு நூற்பாலையில் பேக்கிங் வேலை கிடைத்தது. திண்டுக்கல்லைச் சுற்றி மில்லுக்குப் பஞ்சமில்லை. சம்பளம் 6,500. கொஞ்ச நாளில் விசாரணைக்கு ஒருவர் வந்தார். "வேலைக்குப் போறீங்க, அப்புறம் எப்படி ஆதரவற்றவர்?" என்றார். நியாயமான கேள்வி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ஆறு வருஷத்தில் என் சம்பளம் 9,000 ஆனது. என்னோடு சேர்ந்தவர்கள் மெஷினுக்கு மாறி 13,000 வாங்கினார்கள். எட்டு மணி நேரம் நிற்க முடியாதவனுக்கு மெஷின் கிடையாது, நைட் ஷிப்ட் படியும் கிடையாது. மற்றவர்கள் சைக்கிளில் வந்த இடத்துக்கு நான் ஆட்டோவில் போனேன். அதுவும் சம்பளத்தில்தான் போயிற்று.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மில் மறுபடி திறந்தபோது மெஷின்காரர்களைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. உதவித்தொகைக்குப் புதிதாக மனு போட்டேன். அதே கால், அதே சான்றிதழ். உத்தரவு வர 14 மாதம் ஆயிற்று. அம்மாவின் தோடு அந்த 14 மாதத்தில்தான் அடகுக்குப் போனது.

பணம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் வேலை செய்கிறவர்கள் நூற்றுக்கு 36 பேர். மீதிப் பேர் எல்லாம் சோம்பேறிகளா? 2016 சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கியது. அது மில்லுக்கோ கடைக்கோ வராது. அமெரிக்காவில் ஊனமுற்றோர் காப்பீட்டுத் தொகை வாங்குகிறவர் 9 மாதம் வேலை செய்து பார்க்கலாம், அதுவரை தொகை நிற்காது. வேலைக்குப் போய் தொகை நின்ற பிறகும், 5 வருஷத்துக்குள் உடம்பு முடியாமல் வேலை விட்டுப்போனால் புது மனு இல்லாமலே திரும்பக் கேட்கலாம். முடிவு வரும்வரை 6 மாதம் தற்காலிகமாகப் பணமும் உண்டு. இதைப் படித்த அன்று எனக்கு அந்தத் தோடு ஞாபகம் வந்தது.

எங்களை வீட்டிலேயே உட்கார வைப்பது அந்த 1,500 ரூபாய் இல்லை. போனால் திரும்பி வர வழி இல்லை என்கிற பயம்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது பொய்யாகிவிடும். எனக்கு இப்போதும் 1,500 வருகிறது. கடை அம்மா பேரில் இருக்கிறது. சில நாள் 200 ரூபாய் கிடைக்கும், சில நாள் கரண்ட் பில்லுக்கே பத்தாது. மில்லில் நிமிர்ந்து வேலை பார்த்தவன், இங்கே யாராவது பேண்ட் சட்டையில் வந்தால் விசாரணையோ என்று பார்க்கிறேன்.

"நிறுத்துவாங்க தம்பி. ஆனாலும் போ" என்றேன். "உத்தரவு காப்பி, சர்டிபிகேட் எல்லாத்தையும் பத்திரமா வச்சுக்க."

எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். காசு நீட்டினான், வாங்கவில்லை. ஒரு செட்டை என் மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன்.