கடலுக்கும் ஒரு காலண்டர் இருக்கு!

அறுகம்பையில் நாங்கள் பேருந்தை விட்டு இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடல், செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. தெருவில் பாதிக் கடைகளுக்குப் பூட்டு. 'சர்ஃபிங் கற்றுத்தரப்படும்' என்ற பலகை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. என் மகள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

பிளஸ் ஒன் படிக்கும் பெண். சென்னைக்குப் பக்கத்தில் கோவளத்தில், மீனவப் பையன்கள் அலைமேல் நின்றபடி வருவதைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: "அம்மா, நானும் சர்ஃபிங் கத்துக்கணும்." நான் பிடி கொடுக்கவே இல்லை. என் ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நான் கடலில் கால்கூட நனைத்ததில்லை.

இரண்டு வருடம் கெஞ்சினாள். கடைசியில் இறங்கி வந்தேன். அரையாண்டு லீவு, கையில் இருந்த சேமிப்பு, சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேர விமானத்தில் இலங்கை. 'உலகின் சிறந்த சர்ஃபிங் இடங்களில் ஒன்று' என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். கிழக்குக் கரையில் அம்பாறை மாவட்டம், பொத்துவிலுக்குப் பக்கத்தில் அறுகம்பை. கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறிவிட்டோம். எந்த மாதத்தில் சிறந்த இடம் என்று மட்டும் நான் பார்க்கவில்லை.

"வாடை அடிக்குது தங்கச்சி!"

தங்கிய விடுதிக்காரர் பொத்துவில் முஸ்லிம் பெரியவர். ஊரே அவரை 'காக்கா' என்கிறது. அங்கே காக்கா என்றால் அண்ணன். தேநீரை நீட்டியபடி கேட்டார்: "இப்ப என்னத்துக்கு வந்தீங்க தங்கச்சி? சீசன் முடிஞ்சு ரெண்டு மாசமாகுது. இது வாடை அடிக்கிற காலம்."

பிறகு ஒரு காகிதத்தில் மாங்காய் மாதிரி இலங்கையை வரைந்தார். நடுவில் மலை. "இந்த மலைதான் ரெண்டு கடலையும் பிரிக்குது" என்று தொடங்கி அவர் சொன்னதை, புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

சர்ஃபிங்குக்கான பெரிய அலைகள் நம் கரையில் பிறப்பதில்லை. பூமியின் தென்கோடிக் கடலில் அடிக்கும் புயல்களில் பிறந்து, பல நாள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வருகின்றன. ஆனால் வந்த அலை அழகாக எழுவதும் அலங்கோலமாக உடைவதும் உள்ளூர்க் காற்றின் கையில். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால், அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து நிமிர்த்தி நிறுத்தும். கடலிலிருந்து கரைக்கு வீசினால், அலையின் தலையைத் தட்டிக் கவிழ்த்துவிடும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அது இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் கடலிலிருந்து மோதுகிறது. அங்கே மழை, கொந்தளிப்பு. அதே காற்று மலையில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு, சூடாகி, கிழக்கே இறங்குகிறது. அதைத்தான் கிழக்கு மாகாணத்தில் 'கச்சான்' என்கிறார்கள். அறுகம்பைக்கு அது கரைக்காற்று. டிசம்பரில் எல்லாம் தலைகீழ். வாடை வங்கக்கடலிலிருந்து கிழக்குக் கரையை அறைகிறது. தெற்கே வெலிகம, மிரிஸ்ஸவில் வெயிலும் அமைதியும்.

"பிழையான கரைக்கு வந்துட்டீங்க. சரியான மாசம்தான், அந்தக் கரைக்கு" என்று சிரித்தார் காக்கா.

அந்த இரண்டு நிமிடம்

மறுநாள் டிசம்பர் 26. காலை 9.25-க்கு இலங்கை முழுக்க இரண்டு நிமிட மௌனம். சுனாமியில் 30,000-க்கும் மேற்பட்டோரை இழந்த நாடு அது. மழை விட்டிருந்தது. விடுதி வாசலில் காக்கா கடலைப் பார்த்து நின்றார். பக்கத்தில் நாங்களும் நின்றோம். "அன்டைக்கு இந்தத் தெருவே இல்லை" என்றார், அவ்வளவுதான். நானும் எங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்கும்.

கிளம்பும்போது கேட்டேன், "காக்கா, உங்களுக்குக் கடல்மேல கோபம் இல்லையா?"

"கோபிச்சிக்கிட்டு எங்க போறது? அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு. அதைப் பார்த்து இறங்கணும், அவ்வளவுதான்."

மொனராகலை, வெல்லவாய வழியாகப் பேருந்து மாறி மாறி வெலிகம போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆனது. மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால், வேறொரு நாட்டுக்கு வந்துவிட்ட மாதிரி நீலக்கடல்!

முதல் அலை

வெலிகம, கற்றுக்கொள்பவர்களுக்கு ஏற்ற கரை. அகன்ற வளைகுடா, அடியில் மணல், பாறை இல்லை. விழுந்தால் உப்புத் தண்ணீர் குடிப்பதோடு சரி. முதல் ஒரு மணி நேரம் மணலிலேயே படுத்து எழுந்து பயிற்சி. பிறகு இடுப்பளவுத் தண்ணீர். பலகைக்கும் காலுக்கும் ஒரு கயிறு. பலகை கைவிட்டுப் போகாது.

ஒரு விஷயத்தைப் பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். கடல் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாதே, பலகையை விடாதே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போ, இழுப்பு விட்டதும் திரும்பு. சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது.

இருபது தடவையாவது விழுந்திருப்பாள். மூன்றாம் நாள் காலை, ஒரு சின்ன அலை. பலகைமேல் எழுந்து, கைகளை விரித்து, நின்றபடியே கரைவரை வந்துவிட்டாள். "அம்மா, பாத்தியா?" என்று கத்தியபோதுதான் கவனித்தேன், அவளைப் பிடிக்க ஓடியவள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வாங்கிக் கொண்டாடினோம். நம் பதநீர்ப் பாகுக்கு அக்கா மாதிரி ஒரு ருசி!

சரியான மாதத்தில் அறுகம்பை

ஒன்றரை வருடம் கழித்து, பிளஸ் டூ முடித்து, கல்லூரி திறப்பதற்கு முன் ஜூனில் மறுபடியும் காக்காவிடம் போனோம். அதே தெருவா என்று சந்தேகமே வந்தது. எல்லாக் கடையும் திறந்திருக்க, ஆட்டோ கூரைகளில் பலகைகள். விடியற்காலையில் கண்ணாடி மாதிரிக் கடல். முனையைச் சுற்றி அலைகள் வரிசையாக வலப்பக்கம் உருண்டு வந்தன. முனையில் அடியில் பாறை என்பதால் அது அனுபவசாலிகளுக்கு. மகள், உள்வளைகுடாவில் இருக்கும் 'பேபி பாயின்ட்'டிலேயே திருப்தி அடைந்தாள்.

தெற்கே பாணமை தாண்டி உகந்தைமலை முருகன் கோயில் வரை போனோம். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் குமண காட்டுக்குள் நுழையும் இடம் அது. 'அரோகரா' சத்தத்துக்கு நடுவே, கோயிலை ஒட்டிய கடலுக்குப் பலகையோடு போகும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். கச்சான் வீசும் வறண்ட காலம் இரண்டு கூட்டத்துக்கும் வழிவிடுகிறது.

உங்கள் லீவு எப்போது?

• டிசம்பர் – மார்ச்: தெற்கு, தென்மேற்குக் கரை. வெலிகம, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ. அரையாண்டு லீவுக்குப் பொருத்தம். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கவும் இதுதான் காலம்.

• ஏப்ரல்: மாறும் மாதம். தெற்கில் சீசன் முடிகிறது, கிழக்கில் தொடங்குகிறது. கிழக்கில் அலை சிறிதாக இருக்கும், புதியவர்களுக்கு நல்லது.

• மே – செப்டம்பர்: கிழக்குக் கரை, அறுகம்பை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அலையும் பெரிது, கூட்டமும் பெரிது. தங்குமிடத்தை முன்பே சொல்லிவையுங்கள்.

• அக்டோபர் – நவம்பர்: இரு கரையிலும் மழை, வங்கக்கடலில் புயல் உருவாகும் காலம். நீச்சல் தெரியாத பிள்ளைகளோடு போகாமல் இருப்பதே நல்லது.

எந்த மாதமானாலும் காலையில் சீக்கிரம் இறங்குங்கள். வெயில் ஏறினால் காற்றும் ஏறும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் எடுக்கும் முன் இலங்கைக் குடிவரவுத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் மாதம், பிறகு கரை, கடைசியில் டிக்கெட். நான் தலைகீழாகச் செய்து ஒன்றரை நாளும் பேருந்துக் காசும் இழந்தேன். ஆனால் அந்தத் தப்பான கரைக்குப் போகாமல் இருந்திருந்தால், காக்காவின் பக்கத்தில் அந்த இரண்டு நிமிடம் நின்றிருக்க மாட்டேன். கடலுக்குள் முழங்கால் அளவு வந்திருக்கவும் மாட்டேன்.

அடுத்த தடவை இடுப்பளவு என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாதம் பார்த்துத்தான்!