ஐனேயாவின் படுக்கை

வடசென்னை இராயபுரத்திற்கு அப்பெயர் இராயப்பரால் வந்தது என்பர். அங்குப் படகோட்டிகள் எழுப்பிய ஆலயம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தத் திருத்தூதர் செய்த புதுமை ஒன்றைப் பன்முறை வாசித்திருந்தும், அதிலுள்ள ஒரு சிறு செய்தியை நாம் அண்மையில்தான் உணர்ந்தோம். லித்தா என்னும் ஊரில் ஐனேயா என்பவர் முடக்குவாதத்தால் எட்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார். இராயப்பர் அவருக்கு இயேசுவின் பெயரால் நலம் அறிவித்ததோடு நிற்கவில்லை. எழுந்து தம் படுக்கையைத் தாமே சீர்படுத்துமாறும் பணித்தார் என்று திருத்தூதர் பணிகள் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. எட்டு ஆண்டுகள் பிறர் விரித்த படுக்கை அது!

இதனை நமக்கு உணர்த்தியவர் திருவொற்றியூரில் வாழும் ஒரு பெரியவர். துறைமுகத்தில் பாரம் தூக்கி உழைத்த உடல் அவருடையது. மூளையின் இடப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டதால், வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. மருத்துவமனையில் உயிர் பிழைத்து வீடு திரும்பினார். பயிற்சிக்காக இயன்முறை மருத்துவரிடம் அடிக்கடி வரவேண்டும் என்றார்கள். ஆட்டோக் கட்டணம், துணைக்கு வருபவர் இழக்கும் ஒரு நாள் கூலி, குறுகிய மாடிப்படி ஆகிய மூன்றும் வழிமறித்தன. எனவே, அம்மருத்துவர் கற்பித்த பயிற்சிகளை அவர் இசைவுடன் மருமகள் தம் கைப்பேசியில் வீடியோவாக எடுத்து வந்தார்.

விரல்களைக் கோத்து, நல்ல கையால் நலிந்த கையை உயர்த்துதல்; மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி இடுப்பைத் தூக்குதல்; நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மீண்டும் அமர்தல். எளிய பயிற்சிகளே அவை.

முதல் வெள்ளியன்று நற்கருணையுடன் சென்ற நாம் கண்டது வேறு. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, பயிற்சி செய்தவரோ அவருடைய மனைவி! கணவரின் கையைத் தாமே தூக்கினார், தாமே இறக்கினார். "அவரு கஷ்டப்படறதைப் பாக்க முடியல, சாமி" என்றார். சிலுவை அடையாளம் வரையும்போதும் அவரே கணவரின் கையைப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோனார். பெரியவரின் முகம் சுவரை நோக்கித் திரும்பிற்று. நாமும் குற்றமற்றவர் அல்லோம். அவரை வருத்தலாகாதென்று செபத்தை விரைந்து முடித்து எழுந்துவிட்டோம்.

இந்த அன்பில் ஒரு பிழை உண்டு. பிறர் அசைத்துவிட்டால் மூட்டு இறுகாமல் காக்கப்படும், அதுவும் தேவையே. ஆனால் சேதமுற்ற மூளை புதிய தொடர்புகளை அமைத்து, இழந்த பணியை ஓரளவேனும் மீண்டும் கற்க, நோயாளர் தாமே முயலவேண்டும். அதனைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும்.

நம் சென்னையிலேயே இத்தகைய முயற்சி ஆராயப்பட்டுள்ளது. பக்கவாத நோயாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் பயிற்சிகளைக் கைப்பேசி வழியே காட்டும் 'கேர் ஃபார் ஸ்ட்ரோக்' என்னும் திட்டத்தை சுரேஷ்குமார் கமலக்கண்ணன் குழுவினர் இங்குச் சோதித்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். இணைய இணைப்பும் படத்தின் தெளிவும் முதலில் இடர் தந்தன; திருத்தியபின் மக்கள் அதனை ஏற்றனர்.

எனினும் மிகையாக நம்பலாகாது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளரைக் கொண்டு, குடும்பத்தாரே வீட்டில் பயிற்சியளிக்கும் முறை ஆராயப்பட்டது. 2017இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த அதன் முடிவு நம்மைச் சிந்திக்கச் செய்கிறது. ஆறு மாதங்களுக்குப் பின், இம்முறையில் பயின்றவர்களிலும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிலும் நூற்றுக்கு 47 பேர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தனர். ஆகவே குடும்பமோ கைப்பேசியோ மருத்துவருக்கு ஈடாகாது. எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்பதை அவரே வகுக்கவேண்டும். இடையிடையே அவரே பார்த்துத் திருத்தவேண்டும். நலிந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளரைத் தூக்கலாகாது, தோள்மூட்டு நழுவிவிடும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடவேண்டும்.

அப்படியானால் குடும்பத்தாரின் பணிதான் என்ன? அருகில் இருப்பது, விழாமல் காப்பது, பொறுமையாய்க் காத்திருப்பது. மறுமுறை சென்றபோது அந்த அம்மாவுக்கு ஐனேயாவின் கதையைச் சொன்னோம். அன்று முதல், படுக்கை விரிப்பை இழுத்துச் சரிசெய்யும் வேலையைக் கணவரிடமே விட்டார். சுருக்கங்கள் நீங்கவில்லை; யாரும் அதனை மீண்டும் திருத்தவுமில்லை.

சென்ற முதல் வெள்ளியன்று அப்பெரியவர் இடக்கையால் வலக்கையைத் தாங்கிச் சிலுவை அடையாளம் வரைந்தார். நெற்றியை எட்டுமுன் கை இருமுறை தாழ்ந்தது. மனைவியின் கை தம்மையறியாமல் நீண்டு, பின் மடிக்குத் திரும்பியது. நாமும் காத்திருந்தோம். "ஆமென்" என்றவர், இம்முறை சுவரை நோக்கவில்லை, நம்மை நோக்கினார்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் இத்தகையவர் இருக்கக்கூடும். அவருக்காக எல்லாவற்றையும் செய்வது எளிது. அவரே செய்யும்வரை உடனிருந்து காத்திருப்பது அரிது. அந்த அரிய அன்பை இறைவன் நமக்கு அருள்வாராக!