முட்டிக்கு ஒருத்தரும் கிட் எண்டு பேர் வைக்கேல்லை

எங்களில் ஒருத்தியின் பெரியம்மாவின் மகன் கனடாவில் இருக்கிறார். போன வருசம் அவர் அவளுக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ஒரு அட்டைப்பெட்டி. அதுக்குள்ளே நாலரை லீற்றர் பிடிக்கிற கண்ணாடிச் சாடி, ஓட்டை போட்ட இறப்பர் மூடி, அந்த ஓட்டையில் செருகுகிற வளைந்த குழாய், ஒரு சின்னப் பைக்கற்றில் மதுவம், சாமான்களைக் கழுவுவதற்கு ஒரு தூள். வெளியில் 'மீட், ஆரம்பநிலை கிட்' என்று இருந்தது. இறைச்சிக்கு ஏன் இவ்வளவு பெரிய சாடி என்று எங்களில் பாதிப்பேர் கேட்டோம். பிறகுதான் விளங்கியது, இது வேறு மீட். தேனை நொதிக்க வைத்து எடுக்கிற மது. படத்துக்குக் கீழே அவர் கேட்டிருந்தார்: "வன்னித் தேன் ரெண்டு போத்தில் ஆரிட்டையும் குடுத்துவிடேலுமோ?"

நாங்கள் என்பது ஐந்து பேர். வன்னியில் பிறந்து, கலைப்பீடத்தில் படிக்க யாழ்ப்பாணம் வந்தவர்கள். முல்லைத்தீவில் மூன்று பேர், வவுனியாவில் ஒருத்தி, பூநகரியில் ஒருத்தன். அந்தப் படம் வந்த நாளிலிருந்து ஒரு கிழமை கன்ரீனில் எங்களுக்கு இதுதான் கதை.

முதலில் விஞ்ஞானம். ஓ.எல் படிக்கும்போது நொதித்தல் என்று ஒரு பந்தி பாடமாக்கினோமே, அதுதான் இது. தேனில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு சீனிச் செறிவுக்குள் மதுவம் வளராது. தேன் வருசக்கணக்கில் பழுதாகாமல் கிடப்பதும் அதனால்தான். தண்ணீர் சேர்த்தால் கதை மாறிவிடும். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தேனைத் தண்ணீரில் கரைத்து அந்தச் சாடியை நிரப்பி மதுவத்தைப் போட்டால், அது சீனியைத் தின்று எதனோலையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும். வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உள்ளே உண்டாகும் வாயு அதுக்குள்ளால் குமிழ் குமிழாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. சில கிழமையில் குமிழ் அடங்கும். அடியில் மண்டி படியும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு சாடிக்கு மாற்றி மாதக்கணக்கில் பொறுமையாக வைக்க வேண்டும். கடைசியில் 12 முதல் 14 வீதம் வரை மதுசாரம் இருக்கும். பியரை விட இரண்டு மடங்குக்கு மேல்.

தேன் எங்களுக்குப் புதிதில்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காட்டுத்தேன் எங்கட வீடுகளுக்கு வருவது பழைய சாராயப் போத்தலில்தான். வெளியில் சாராய லேபல், உள்ளே தேன். அது அலுமாரிக்குள்ளே மருந்துக்கு என்று இருக்கும். இருமலுக்கு ஒரு கரண்டி, சூரணத்தில் குழைக்க ஒரு கரண்டி. அதைத் தண்ணீரில் கரைத்து நொதிக்க விடப்போகிறோம் என்று சொன்னால் அம்மம்மா விளக்குமாத்தோடு வருவா.

ஆனால் தமிழில் இதற்குச் சொல் இருக்கிறது. தேறல். திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் மலையில் வாழ்கிறவர்கள் மூங்கில் குழாயில் தேனை ஊற்றி விளைய வைத்துக் குடிக்கிறார்கள். தெளிந்தது என்பதுதான் தேறலுக்குப் பொருள். மண்டியை விட்டு மேலே உள்ளதை எடுக்கிற அதே வேலை. குறிப்புக் கொப்பியில் 'தேறல் = கள் வகை' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போகிற எங்களுக்கு, கனடாவில் இருந்து ஒரு பெட்டி வந்துதான் அந்தச் சொல்லுக்குள் இருந்த வேலை தெரிந்தது. எத்தியோப்பியாவில் இந்த அறுவை நடக்கவே இல்லை. அங்கே தேஜ் என்ற தேன் மதுவை கெஷோ என்ற செடியின் இலையும் தண்டும் போட்டு இன்றைக்கும் வீடுகளில் செய்கிறார்கள்.

சட்டத்தையும் பார்த்தோம். பிரித்தானியாவில் சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் காய்ச்ச 1963 இலிருந்து உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் வீட்டு வைனுக்கு முன்னமே இடமிருந்தது, பியருக்கு 1978 இல் சட்டம் வந்தது. இலங்கையில் இன்னமும் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. உரிமம் இல்லாமல் மதுபானம் செய்ய முடியாது. கள்ளுக்காக மரம் சீவுவதற்கும் அனுமதி வேண்டும். ஆக, அந்தப் பெட்டி இங்கே வந்து இறங்கினாலும் எங்கட குசினியில் அதைத் திறக்க முடியாது. ரொறன்ரோவில் பொழுதுபோக்கு, முல்லைத்தீவில் குற்றம்.

இதைக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் பூநகரிப் பெடியன் வாயைத் திறந்தான்.

"எங்கட அப்பாட்ட முட்டி இருக்கு. பாளைக்கத்தி இருக்கு. தளநார் இருக்கு. அதுக்கு ஏன் ஒருத்தரும் கிட் எண்டு பேர் வைக்கேல்லை?"

மேசையில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு வருசம் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம். அவனுடைய தகப்பன் சீவல் தொழிலாளி என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். உதவிப்பண விண்ணப்பத்தில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் அவன் 'கூலி' என்றுதான் எழுதியிருந்தான். கூலி என்று எழுதினால் ஏழை என்று நினைப்பார்கள், சீவல் என்று எழுதினால் சாதி தெரிந்துவிடும் என்றான். ஏழை என்பது பரவாயில்லையாம்.

சித்திரை லீவுக்கு அவன் வீட்டுக்குப் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ32 வீதியால், கேரதீவு தாண்டி, சங்குப்பிட்டிப் பாலத்துக்கு மேலால் போனால் பூநகரி. 2011 இல் அந்தப் பாலம் திறக்குமட்டும் இவ்வளவு கிட்ட இல்லை. இறங்கின இடத்திலிருந்து பார்க்கிற பக்கமெல்லாம் பனை.

"இதில படிக்க என்ன பிள்ளையள் கிடக்கு? ஏறுறது, இறங்குறது" என்றார் அவனுடைய அப்பா. ஆனால் கேட்கக் கேட்கச் சொன்னார். பாளையைக் கட்ட வேண்டும். மெல்லத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். பிறகு நுனியைக் கடதாசி மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும். தடிப்பாகச் சீவினால் பாளை கெதியாக முடிந்துவிடும். ஒருநாள் சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். ஆகவே காலமை ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால், காய்ச்சல் என்றாலும் நல்லநாள் பெருநாள் என்றாலும் ஏற வேண்டும். அவர் பதினொரு மரம் ஏறுகிறார். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தரம்.

கனடாப் பெட்டியில் மதுவம் பைக்கற்றில் வருகிறது. இங்கே அது முட்டியின் சுவரிலேயே இருக்கிறது. போன தரத்துக் கள்ளின் மிச்சம் ஒட்டியிருக்கிற முட்டிக்குள் பாளைநீர் சொட்டத் தொடங்கின உடனேயே நொதிப்பும் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை, சில மணித்தியாலம் போதும். 5 வீதமளவில் மதுசாரம். அடுத்த நாள் புளிக்கும், பிறகு வினாகிரிப் பக்கம் போய்விடும். நொதிக்கக் கூடாது என்றால் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும். அப்போது அது கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே முட்டி. கொஞ்சச் சுண்ணாம்புதான் வித்தியாசம். சாடிக்காரர்கள் மானி வைத்து அளக்கிறதை அவர் முட்டி வாயில் மூக்கை வைத்துச் சொல்கிறார்.

"பயமில்லையோ ஐயா?" என்று கேட்டோம்.

"விழுந்தவையக் கேளுங்கோ, அவை சொல்லுவினம்."

அதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தத் தொழிலைச் செய்தவர்களை எங்கட சமூகம் எப்படி நடத்தியது என்பது எழுதப்பட்ட வரலாறு. இறக்கின கள்ளு எல்லாச் சாதிக்கும் வேண்டும். இறக்கினவனின் வீட்டுத் தண்ணீர் வேண்டாம். தேநீர்க் கடையில் அவனுக்கு வேறு பாத்திரம், கோயிலில் வெளிவீதி. 1960களின் கடைசியில் இதற்கு எதிராகத் தேநீர்க்கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழையப் போராட வேண்டியிருந்தது. 1968 மாவிட்டபுரத்தை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். டானியலின் 'பஞ்சமர்' அந்தக் காலத்தைப் பற்றித்தான் பேசுகிறது. வன்னிக்கு வந்து, இடம்பெயர்ந்து, ஒரே முகாமில் ஒரே வரிசையில் நின்றதால் இதெல்லாம் போய்விட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த விண்ணப்பத்தில் ஏன் 'கூலி' என்று எழுதவேண்டி வந்தது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு கூத்து. அங்கே 1987 இலிருந்து கள்ளுக்குத் தடை. ஆனால் தொழிற்சாலையில் செய்த சாராய வகைகளை அரசாங்கமே டாஸ்மாக் கடைகளில் விற்கிறது. இங்கே நிலைமை அதைவிட நல்லது. 1970களில் தவறணைக் குத்தகைக்காரரிடமிருந்து கள்ளு வியாபாரம் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வந்தது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. திக்கம் வடிசாலையில் பனஞ்சாராயம் வடித்தார்கள். பனைக்கு இத்தனை இருந்தும், பனையில் ஏறுகிறவனுக்கு ஒரு மரியாதையான பேர் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எங்களுக்கும் நல்லாயிருந்திருக்கும். முடிக்க விடாதவள் எங்களில் ஒருத்தி, முல்லைத்தீவுக்காரி. திரும்பி வரும்போது பஸ்சில் சொன்னாள்:

"கள்ளை வடிவாக்கி எழுதாதேங்கோ. குடிச்சிட்டு வாறவரோட ஒரே வீட்டில நீங்கள் ஒருத்தரும் இருந்து பாக்கேல்லை. எங்கட அம்மாட்டப் போய் இது பாரம்பரியம் எண்டு சொல்லிப்பாருங்கோ."

அவள் சொல்வதை நாங்கள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போக முடியாது. போர் முடிந்த பிறகு வன்னியில் குடி என்ன செய்தது என்பதற்குக் கணக்குத் தேவையில்லை, எங்கட ஒழுங்கைகளே போதும். கசிப்பு வந்த வீடுகள், தோட்ட வருமானம் தவறணையில் முடிந்த வீடுகள், பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு இரவில் பக்கத்து வீட்டுக்குப் போன அம்மாக்கள். மீட் கிட் பற்றிய வீடியோக்களில் வருகிறவர்கள் நல்ல வெளிச்சமான குசினியில் நின்று சிரித்துக்கொண்டு ஒரு சின்னக் கிளாஸ் குடிக்கிறார்கள். அதைப் பார்த்து எங்கட கள்ளையும் அப்படி ஒரு கிளாசில் ஊற்றி அழகு பார்ப்பது சுகம். அந்த அம்மாக்களை அந்தப் படத்துக்குள் எங்கே நிறுத்துவது?

அவளுக்குப் பூநகரிப் பெடியன் மறுத்துக் கதைக்கவில்லை. "அப்பா குடிக்கிறேல்லை" என்று மட்டும் சொன்னான். "குடிச்சா ஏறேலாது."

ஐந்து பேரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஒன்றில் மட்டும் உடன்பட்டோம். குடியை வெறுப்பதும் சீவல்காரரைக் கீழே வைப்பதும் ஒன்றல்ல. எங்கட ஊரில் இந்த இரண்டையும் ஒரே வாயால், ஒரே சொல்லால் செய்து பழகியிருக்கிறோம். தவறணையில் குடித்துவிட்டு வீட்டில் அடித்தவருக்குப் பேர் 'பாவம், குடிப்பழக்கம்'. அந்தத் தவறணைக்குக் கள்ளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தவருக்குச் சாதிப்பேர். அவளுடைய அம்மாவின் கோபம் நியாயம். அது போய்ச் சேரவேண்டிய இடம் பனை உச்சி இல்லை.

கனடா அண்ணாவுக்குத் தேன் அனுப்பியாயிற்று, நல்லாய் வரட்டும். அவர் செய்கிறதில் ஒரு பிழையும் இல்லை. நுணுக்கமான வேலை, படிக்க வேண்டிய வேலை. அதே நுணுக்கம் பெட்டிக்குள் வந்தால் கைவினை என்றும், தகப்பனிடமிருந்து வந்தால் இழிவு என்றும் சொல்கிற எங்கட கண்ணில்தான் பிழை.

பூநகரிப் பெடியன் மரம் ஏறப்போவதில்லை. அவனுடைய அப்பாவும் அதை விரும்பவில்லை. "என்னோட நிக்கட்டும்" என்றுதான் சொன்னார். ஒரு தொழிலை மதிப்பதற்கு மகனும் அதையே செய்ய வேண்டும் என்றில்லை. அதை விட்டுப் போகிறவன் வெட்கத்தில் போகாமல் விருப்பத்தில் போக முடிய வேண்டும், அவ்வளவுதான். அவனுடைய தங்கச்சிக்கு இந்த வருசம் கம்பஸ் கிடைத்திருக்கிறது. விண்ணப்பம் நிரப்பும்போது தகப்பனின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவனுக்கு அழைப்பெடுத்துக் கேட்டிருக்கிறாள்.

"சீவல் தொழில் எண்டு எழுது" என்றானாம். "எழுத்துப்பிழை விடாத."