அம்மாவும் கறுப்புத் திரையும்

"திரையை மாற்ற வேண்டும், அம்மா! உள்ளே இருப்பதற்கெல்லாம் உத்தரவாதம் சொல்ல முடியாது" என்று கையை விரித்துவிட்டார் பழுது பார்க்கும் கடைக்காரர். எனக்குத் தலை சுற்றியது.

மடிக்கணினியில் இருந்தது ஆபீஸ் சமாசாரம் என்றால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அம்மா கண்ணை மூடுவதற்கு முன், ஒரு வருஷ காலம் ஊஞ்சலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தட்டி வைத்த அறுபது பக்கங்கள் அதில் இருந்தன. ஊறுகாய்க்கு உப்புக் கணக்கிலிருந்து, பாட்டி கோபித்துக்கொண்டு இரவோடு இரவாக வண்டி கட்டிப் பிறந்தகம் போன கதை வரை! பிரதி? "நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லியே நாள் ஓடிவிட்டது.

விபத்துக்குக் காரணம் என் சீமந்த புத்திரன். எழுத்தைப் பெரிதாக்குகிறேன் பேர்வழி என்று திரை அமைப்பில் கை வைத்தான். திரை முழுவதும் கோடுகள் ஓடின. பயத்தில் எதையோ தட்டினான். 'இந்த மாற்றம் இருக்கட்டுமா?' என்ற கேள்விக்கு அது 'இருக்கட்டும்' ஆகிவிட்டது!

அன்றிரவு, கோயம்புத்தூரில் எஞ்சினீயரிங் படிக்கும் அண்ணா பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"அத்தை, கடவுச்சொல் கேட்கும் திரை ஒழுங்காக வருகிறதா?"

"வருகிறது. உள்ளே போனதும்தான் கோடு."

"அப்படியானால் திரை கெடவில்லை. உங்கள் பெயரில் எழுதி வைத்திருக்கும் அமைப்புதான் கெட்டிருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்."

சில கணினிகளில் எஃப்.என். விசையையும் சேர்க்க வேண்டுமாம். அழுத்தினேன். கோடுகள் மாயமாய் மறைந்தன! கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வேறொன்றும் இல்லை. பெயரைத் தட்டினேன். கடவுச்சொல்லுக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை. "அப்படித்தான் இருக்கும், தட்டுங்கள்" என்றாள். உள்ளே விட்டுவிட்டது.

'எல்.எஸ்.' என்று அடித்ததும் பட்டியல் வந்தது. தமிழில் பெயர் வைத்தவையெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாதாம்! ஆங்கில எழுத்தில் வைத்திருந்த 'அம்மா' மட்டும் பளிச்சென்று இருந்தது. எனக்குக் கண் கலங்கியது.

க்னோம் என்ற திரைமுகப்பு தன் அமைப்பை 'கான்ஃபிக்' என்ற மறைவான அறையில் 'மானிட்டர்ஸ்' என்ற கோப்பில் எழுதி வைக்கிறது.

"அதை அழித்துவிடட்டுமா?"

"வேண்டாம், அத்தை. பெயரை மட்டும் மாற்றுங்கள். தேவைப்பட்டால் திரும்பக் கொண்டு வரலாம்."

அதற்கு 'எம்.வி.' என்று ஒரு கட்டளை. ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை ஆரம்பித்தது 1991-ல். இந்த இரண்டெழுத்தோ 1971-ம் வருஷத்து யூனிக்ஸிலேயே உண்டாம். அம்மாவின் அஞ்சறைப் பெட்டி மாதிரி, பழசானாலும் கைகொடுக்கிற சாமான்!

பெயரை மாற்றி, 'ரீபூட்' என்று அடித்தேன். கணினி பழைய குறிப்பைத் தேடியது, காணவில்லை. தனக்குத் தெரிந்த அளவில் திரையை விரித்தது. கோடே இல்லை!

"பாட்டி எழுதச் சொன்னதைப் படியுங்கள், அத்தை."

"'உப்பைக் கரண்டியால் போடாதேடி, கையால் அள்ளிப் போடு, கைக்குத்தான் கணக்குத் தெரியும்...'"

மறுமுனையில் பேச்சு இல்லை. எனக்கும் மேலே படிக்க வரவில்லை.

மறுநாள் காலை முதல் காரியமாக இரண்டு பிரதிகள் எடுத்தேன். ஒன்று கோயம்புத்தூருக்குப் போயிற்று. சகோதரிகளே, உங்கள் வீட்டு அறுபது பக்கங்கள் எங்கே இருக்கின்றன? 'நாளைக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள்!