றம்பொடை வளைவுகளில் ஒரு பழைய எம்.ஜி.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையை அறியாத வாசகர் சிலரே இருப்பர். பேராதனையிற் பிரிந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை எனச் செல்லும் இவ்வீதி, ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தூரத்துக்குள் நம்மை வெயிலிலிருந்து கம்பளி தேடும் குளிருக்குக் கொண்டு சேர்த்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரைக் காணச் செல்வோர், வழியிலுள்ள அருவிகளைப் பற்றியும் தேயிலையைப் பற்றியும் எழுதிக் குவித்துவிட்டனர். வீதியைப் பற்றி எழுதியோர் குறைவு. மெத்தென்ற ஆசனமுள்ள புதிய வாகனத்திற் செல்வோருக்கு வீதி என ஒன்று இருப்பதே தெரிவதில்லை போலும். நிலத்துக்கு ஒரு சாண் உயரத்திற் குந்தியிருந்து செல்வோருக்கு அதன் ஒவ்வொரு குழியும் தெரியும். 2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அத்தகைய பிரயாணம் ஒன்று எமக்கு வாய்த்தது.

எமது நண்பர் ஒருவரிடம் எம்.ஜி.ஏ. என்னும் மாதிரியைச் சேர்ந்த இரண்டு ஆசனக் கார் ஒன்று உண்டு. அவருடைய தந்தையார் 1958இல் கொழும்பிலே புதிதாக வாங்கியது. இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள அபிங்டன் என்னும் சிறு நகரில், 1955 தொடக்கம் 1962 வரை, இவ்வகைக் கார்கள் ஓர் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவை செய்யப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை கப்பலேறிப் பிறநாடுகளுக்கே சென்றன. அவ்வாறு இலங்கைக்கு வந்து சேர்ந்தவற்றை வைத்திருந்தோர், 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, இனி இதைப்போல் இன்னொன்று கிடையாதெனக் கண்ணுங் கருத்துமாகப் பேணலாயினர். நண்பரின் தந்தையாரும் அவர்களுள் ஒருவர்.

இக்காரை அமைத்த சிட் எனெவர் என்பார் செய்த ஒரு காரியத்தை இங்கு குறிப்பிட வேண்டும். இதற்கு முந்திய எம்.ஜி. கார்களில் ஓட்டுபவர் செசியின் இரும்புச் சட்டங்களுக்கு மேலே உட்கார்ந்திருப்பார். எனெவர் அச்சட்டங்களை வெளிப்புறமாக விலக்கி, மனிதரை அவற்றுக்கு இடையே தாழ இருத்தினார். பாரம் தாழ்ந்தால் வளைவிலே சாய்வு குறையும். 1955இல் பிரான்சின் ல மான்ஸ் ஓட்டப் போட்டியில் இதன் முன்மாதிரிகள் மூன்று ஓடின. இரண்டு இறுதிவரை ஓடி முடித்தன. எனவே பிறப்பிலேயே வளைவுக்கு அஞ்சாத கார் இது.

அத்தகைய காரை வளைவுக்கு அஞ்சும்படி செய்தது மனிதனுடைய ஆசையே. தந்தையார் காலமான பின்னர், நண்பர் காரைத் தலைநகரிலுள்ள ஒரு கராஜில் ஒப்படைத்தார். அங்கே பழைய ஸ்பிறிங்குகளை அகற்றி, குட்டையான, மிகக் கடினமான ஸ்பிறிங்குகளைப் பூட்டி, காரை இரண்டு அங்குலம் தாழ்த்திக் கொடுத்தார்கள். கொழும்பிலே பாய் விரித்தாற்போன்ற வீதிகளில் அது அழகாகவே ஓடிற்று. மலைக்குக் கொண்டுவந்த முதல் நாளே அதன் குணம் வெளிப்பட்டது. தார் உடைந்த ஒரு வளைவிலே பின்சில்லுகள் இரண்டும் துள்ளி, கார் பள்ளத்துப் பக்கமாக ஒரு முழம் நகர்ந்துவிட்டது. எதிரே வாகனம் எதுவும் வராதது தெய்வச் செயல். நண்பர் அன்றிரவே காரை விற்றுவிடத் தீர்மானித்தார்.

அத்தீர்மானத்துக்குக் குறுக்கே நின்றவள் அவருடைய மகள். நுவரெலியாவிலே ஆசிரியையாக இருக்கும் அப்பெண், “அப்பப்பாவின்ரை காரை விக்க விடமாட்டன். பிழை காரிலை இல்லை, அப்பா” என்று ஒரே பிடியாக நின்றாள். கடைசியாக ஒரு முறை கம்பளையிலுள்ள ஒரு முதிய மெக்கானிக்கிடம் காட்டுவதென்றும், அதன் பின்னரும் மலைப்பாதையில் நம்ப முடியாவிட்டால் விற்பதென்றும் தந்தையும் மகளும் உடன்பட்டனர்.

அம்மெக்கானிக் எழுபது வயதைக் கடந்த முஸ்லிம் பெரியவர். ஊரார் அனைவருக்கும் அவர் ‘நானா’. காரைக் கண்டதும் அவர் எஞ்சினைத் திறக்கவில்லை. முன்பக்க மட்காட்டின் மேற் கைவைத்து ஓங்கி அமுக்கிவிட்டு, கார் எத்தனை முறை ஆடுகிறதென எண்ணினார். பிறகு ஜக் வைத்துச் சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தார். “தம்பி, இதுக்கு வருத்தம் ஒரு இடம், மருந்து கட்டினது வேற இடம்” என்றார்.

அவர் கூறியதை எமக்கு விளங்கியவாறு இங்கு எழுதுகிறோம். ஸ்பிறிங்கின் வேலை பாரத்தைத் தாங்குவது. அது அமுங்கி எழும்போது உண்டாகும் ஆட்டத்தை அடக்குவது ஷொக் அப்சோபரின் வேலை. அதனுள்ளே எண்ணெய் சிறிய துவாரங்களின் வழியே நெருக்கித் தள்ளப்படுவதால் ஆட்டம் அடங்குகிறது. எண்ணெய் கசிந்து போனால் சில்லு பந்தைப்போலத் துள்ளும். துள்ளும் கணத்தில் அது வீதியைத் தொடுவதில்லை. வீதியைத் தொடாத சில்லுக்குப் பிறேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. ஸ்பிறிங்கைக் கடினமாக்கியமை இத்துள்ளலை இன்னும் விரைவுபடுத்தியதேயன்றி அடக்கவில்லை.

எம்.ஜி.ஏ. காரில் மற்றொரு விசேடமும் உண்டு. அதன் முன்பக்க ஷொக் அப்சோபர் தற்காலத்தவை போன்ற நீண்ட குழாயன்று. செசியின்மேல் பூட்டிய ஒரு பெட்டியும், அதிலிருந்து நீளும் இரும்புக் கரமுமாக இருப்பது. அக்கரமே சில்லின் மேற்பகுதியைப் பிடித்திருக்கிறது. ஆகவே அப்பெட்டியின் அச்சுத் தேய்ந்தால் ஆட்டம் அடங்காதது மட்டுமன்று, சில்லு நிற்கும் சாய்வே மாறிப்போகும். ஸ்ரியரிங் பிழையென்று பலர் எண்ணுவது உண்மையில் இத்தேய்மானமே என்றார் நானா. எமக்கு இதுவே புதிய செய்தி.

வேலை ஐந்து மாதம் நடந்தது. கடின ஸ்பிறிங்குகள் கழற்றப்பட்டு, ஆலையிலிருந்து வந்த அளவிலானவை திரும்பப் பூட்டப்பட்டன. ஷொக் அப்சோபர்கள் நான்கும் அச்சு மாற்றி, சற்றுத் தடித்த எண்ணெய் நிரப்பப்பட்டன. சில்லு திரும்பும் கிங்பின்கள் புதிதாயின. இவை வெண்கலத்தினுள் உருக்கு சுழலும் அமைப்பாதலால், கிரீஸ் இன்றி ஒரு மழைக்காலம் கழிந்தாலே தேயத் தொடங்கும். கீழ்க் கரங்களிலே வெடித்துப் போயிருந்த இறப்பர் புஷ்களுக்குப் பதிலாக, 1970களில் வந்த எம்.ஜி.பி. வி8 காருக்கென ஆக்கப்பட்ட உறுதியான புஷ்கள் இடப்பட்டன. இவை இக்காருக்கும் பொருந்துவதை எம்.ஜி. அபிமானிகள் நன்கறிவர். பின்பக்கப் பட்டை ஸ்பிறிங்குகளின் புஷ்களும் மாற்றப்பட்டன. காரின் பின்பகுதி பக்கவாட்டில் அசையாது நிற்பது அவற்றினாலேயே.

ரயர்கள் நான்கும் ஒரே நாளில் மாறின. பழையவை குறுக்கு நூல் ரயர்கள், புதியவை 165 அளவு றேடியல்கள். இரண்டையும் கலந்து போடுவது ஆபத்து என்று நானா இருமுறை எச்சரித்தார்.

புதிதாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று. முன்சில்லுகள் இரண்டையும் குறுக்கே இணைக்கும் வில்போன்ற ஓர் உருக்குக் கம்பி அது. இரண்டு சில்லுகளும் ஒருமிக்க மேலெழும்போது இக்கம்பி சும்மா இருக்கும். வளைவிலே கார் ஒரு பக்கம் சாயும்போது முறுகி, அச்சாய்வை எதிர்க்கும். ஸ்பிறிங்கைக் கடினமாக்காமலே சாய்வைக் குறைக்கும் உபாயம் இது. மிகத் தடித்த கம்பி போட்டால், ஒரு சில்லு மட்டும் குழியில் விழும்போது அதன் அதிர்ச்சி மறு சில்லுக்கும் போகும். “நம்ம றோட்டுக்கு மெல்லிசு போதும்” என்பது நானாவின் தீர்ப்பு.

இனிப் பிரயாணத்துக்கு வருவோம். காரில் ஆசனம் இரண்டே இரண்டு. நண்பர் ஓட்ட, நாம் அருகில் அமர்ந்தோம். கம்பளை தாண்டும்வரை சொல்வதற்கு அதிகமில்லை. மகாவலி கூடவே வந்தது, முச்சக்கர வண்டிகளும் கூடவே வந்தன. புசல்லாவையை அணுகும்போதுதான் மலை தன் வேலையைத் தொடங்கிற்று. 1841இல் வேர்ம்ஸ் என்னும் சகோதரர்கள் சீனத் தேயிலையை நட்டுப்பார்த்த றோத்சைல்ட் தோட்டம் இவ்வூரிலேதான் இருக்கிறது. இச்சரிவுகளைக் காடழித்துத் தோட்டமாக்கியவர்கள் எம் தமிழ்த் தொழிலாளரே. அவர்களின் வழிவந்தோரின் வரிசை வீடுகள் இன்றும் வீதியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பாடசாலை விட்ட நேரம் அது. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வீதியோரமாக ஒற்றை வரிசையில் நடந்தனர். ஒரு காரின் பின்பகுதி ஒரு முழம் துள்ளுவதென்றால் என்னவென்பதை அவர்களைக் கண்டபோதே நாம் முழுமையாக உணர்ந்தோம். நண்பரும் உணர்ந்திருக்க வேண்டும், அதுவரை பேசிவந்தவர் மௌனமானார்.

தவலந்தென்னையில் கொத்மலை நீர்த்தேக்கம் கீழே பளபளத்தது. அங்கிருந்து றம்பொடை வரை வளைவுக்குமேல் வளைவு. இக்காரில் முதலாம் கியருக்குச் சிங்குறோமெஷ் கிடையாது. ஓடும்போது அதற்கு மாற்றுவது பழகிய கைக்கே இயலும். ஆகவே கொண்டையூசி வளைவுகளை இரண்டாம் கியரிலேயே, வேகத்தை இழந்துவிடாமல் கடக்கவேண்டும். முன்னர் இவ்விடத்தில் உட்புறப் பின்சில்லு நிலத்தைவிட்டு எழும்பி வீணே சுழலுமாம். இம்முறை அது வீதியைப் பற்றிக்கொண்டது. உடைந்த தார் விளிம்பொன்றில் சில்லு இறங்கி ஏறிற்று. கார் ஒருமுறை அமுங்கி, ஒருமுறை எழுந்து, அடங்கிவிட்டது. கம்பளையில் நானா மட்காட்டை அமுக்கி எண்ணியது எமது நினைவுக்கு வந்தது.

றம்பொடையிலே 109 மீற்றர் உயர அருவியின் அருகே காரை நிறுத்தித் தேநீர் அருந்தினோம். சாரல் முகத்திலடித்தது. நண்பர் குனிந்து நான்கு ரயர்களையும் தடவிப் பார்த்தார். முன்னிரண்டும் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் ஒரே சூடாக இருந்தன. சில்லுகள் சரியாக நிற்பதற்கு அது சாட்சி. பாற்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் அருவியைத் திரும்பியும் பாராமல் ரயரைத் தடவிக்கொண்டிருந்ததைக் கண்டு தேநீர்க் கடைக்காரர் சிரித்தார்.

இப்பாதையின் பயங்கரத்தை மிகைப்படுத்துகிறோமென எவரும் நினைக்கலாகாது. நாம் சென்றதற்கு அடுத்த ஆண்டு, 2025 மே 11ஆந் திகதி, கொத்மலை கரண்டி எல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பரில் வந்த டித்வா புயல் மலைநாட்டு வீதிகளைப் பல இடங்களில் சிதைத்தது. நாம் வருணிப்பது அவற்றுக்கு முந்திய வீதியை.

லபுக்கலைத் தேயிலைச் சரிவுகளைக் கடந்து நுவரெலியாவை அடைந்தபோது மாலை ஐந்து மணி. 1930களிலே தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டி நடக்கும் ஊரல்லவா! பழைய எம்.ஜி.யைக் கண்டதும் சந்தியில் நின்ற முதியவர்கள் இருவர் தொப்பியைக் கழற்றினர். நண்பரின் மகள் வாசலிலே காத்திருந்தாள். “எப்பிடி, மாமா? அப்பா வழியிலை எங்கையும் கத்தினவரா?” என்று எம்மிடமே விசாரித்தாள்.

ஆயினும் ஏறுவது பாதிப் பரீட்சையே. இக்கார் 1500 மாதிரி, நான்கு சில்லுக்கும் பழைய டிரம் பிறேக்குகள். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். இறக்கத்திலே பாரம் முழுவதும் முன்சில்லுகளில் விழும்போதுதான் கிங்பின்களும் புஷ்களும் தம் உண்மையைச் சொல்லும். மறுநாட் காலை நண்பர் சாவியை மகளிடம் நீட்டினார். தாம் பஸ்ஸிலே பின்னால் வருவதாகக் கூறினார்.

அவள் எஞ்சினையே பிறேக்காக்கி, இரண்டாம் மூன்றாம் கியர்களில், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் பிறேக்கைத் தொடாமல் இறங்கினாள். சென்ற வேகம் பெரிதன்று. எமது கை கதவைப் பற்றியது றம்பொடை மட்டுமே, அதன்பின் மடியில் கிடந்தது. கார் முதன்முதல் துள்ளிய அந்த வளைவு வந்தது. உடைந்த தார் அவ்வாறே கிடந்தது. அவள் ஸ்ரியரிங்கை இறுக்காமல், இரு விரல் தளர்வாகவே பிடித்திருந்தாள். சில்லு குழியில் இறங்கி ஏறிற்று. கார் தன் வழியிலிருந்து விலகவில்லை.

கம்பளையில் நானாவின் கராஜின் முன் அரை மணி காத்திருந்தபின் பஸ் வந்தது. நண்பர் இறங்கி மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாவிடம் சென்று, அடுத்த கிரீஸ் எத்தனை மைலுக்கு ஒருமுறை அடிக்கவேண்டுமென்று கேட்டார். “ஆயிரம் மைல்” என்றார் நானா. மகள் அதைத் தன் கைப்பையிலிருந்த கொப்பியில் எழுதிக்கொண்டாள்.