வெள்ளை வயர்

எங்கள் ஸ்காபரோ வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த குடும்பத்துக்கு ஒரு தெர்மோஸ்ரற் பூட்டிக் கொடுத்தேன். சில வாரங்கள் கழித்து அதன் வெள்ளை வயரை ஃபேர்னஸ் பக்கத்தில் கழற்றி, நுனியில் கறுப்பு ரேப் சுற்றி, மற்ற வயர்களுக்குப் பின்னால் மடித்து வைத்தேன். சிவப்பையும் நீலத்தையும் தொடவில்லை. அந்த இரண்டும் இருந்தால் திரைக்கு மின்சாரம் கிடைக்கும். அவர்கள் பொத்தானை அழுத்தலாம், 22 என்று வைக்கலாம், நெருப்புச் சின்னமும் வரும். ஃபேர்னஸுக்கு மட்டும் எதுவும் போய்ச் சேராது. இதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் சொல்லவில்லை.

கைதவறி நடந்த காரியம் அல்ல இது. எதைக் கழற்றினால் எது நிற்கும், எதை விட்டுவைத்தால் எது தெரியும் என்று கணக்குப் பார்த்துத்தான் செய்தேன்.

வீடு இரண்டு மாடி, கீழே பேஸ்மென்ற். இங்கே எங்கள் ஆட்களின் பல வீடுகளில் இதே அமைப்புத்தான். காஸில் எரியும் ஒரு ஃபேர்னஸ், அது சூடாக்கும் காற்றை வீடு முழுக்கக் கொண்டுபோகும் தகரக் குழாய்கள், முதல்மாடி நடையில் ஒரேயொரு தெர்மோஸ்ரற். அந்த நடை குசினிக்குப் பக்கம். அம்மா சோறு வடித்து, குழம்பு கொதிக்கவைத்தால் நடை சூடாகிவிடும். வீடு முழுக்கச் சூடாகிவிட்டது என்று தெர்மோஸ்ரற் எடுத்துக்கொண்டு ஃபேர்னஸை நிறுத்திவிடும். கீழேயோ சூடான காற்று வரும் வாய்கள் கூரையில் இருக்கின்றன. சூடு மேலேயே நிற்கும், சீமெந்துத் தரை ஐஸாகக் கிடக்கும். கோடையில் இன்னும் மோசம். மேல்மாடிப் படுக்கையறைகள் வெந்துபோகும் என்று நாங்கள் ஏசியை ஓடவிட, குளிர்காற்றெல்லாம் கீழே இறங்கும். ஜூலை மாதத்தில் பேஸ்மென்றில் சுவெற்றர் போட்டுக்கொண்டு இருந்தவர்களை எனக்குத் தெரியும். நானும் இருந்திருக்கிறேன்.

1991இல் கனடாவில் வந்து இறங்கியபோது நான் இருந்ததும் பேஸ்மென்றில்தான். வீட்டுக்காரர் மேலே நடையில் தெர்மோஸ்ரற்றுக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைப் பூட்டி, திறப்பைத் தன் சாவிக்கொத்தில் வைத்திருந்தார். பெட்டியின் பக்கங்களில் காற்றுப் போக மெல்லிய கீறல்கள் இருக்கும். வாடகை கொடுக்க மேலே போகும்போதெல்லாம் அந்தக் கீறலுக்கூடாக ஒரு குச்சியை விட்டுத் தள்ளலாமா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கென்று ஒரு வீடு வந்தால் ஒருவரையும் இப்படி வைத்திருக்கமாட்டேன் என்று அப்போது நினைத்தேன். அந்த நினைப்பு பொய்யில்லை. அதனால்தான் கீழே வாடகைக்கு இருந்த தம்பி படியேறி வந்து, “அண்ணை, பிள்ளைக்குக் குளிருது. கொஞ்சம் ஹீற்றைக் கூட்டி விடுவியளே?” என்று கேட்டபோது, கூட்டிவிட்டு அனுப்பாமல், “உங்களுக்கெண்டு ஒண்டு பூட்டித் தாறன்” என்றேன்.

வேலை கடினமில்லை. ஃபேர்னஸுக்குள் இருக்கும் சின்ன ட்ரான்ஸ்ஃபோமர் வீட்டு மின்சாரத்தை 24 வோல்ற்றாகக் குறைக்கிறது. அது சிவப்பு வயரில் தெர்மோஸ்ரற்றுக்கு வருகிறது. அறை குளிர்ந்தால் தெர்மோஸ்ரற் சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகத் தொடுக்கும். மின்சாரம் வெள்ளை வழியாகத் திரும்பி ஃபேர்னஸுக்குப் போகும். முதலில் புகையை வெளியே தள்ளும் சிறிய விசிறி சுழலும், பிறகு பற்றவைக்கும் கம்பி செம்மஞ்சளாகக் கனலும், காஸ் திறந்து நீலச் சுவாலை பிடிக்கும், சற்றுப் பொறுத்துப் பெரிய விசிறி காற்றை அனுப்பத் தொடங்கும். மஞ்சள் வயர் ஏசிக்கு, பச்சை விசிறிக்கு, நீலம் மின்சாரம் திரும்பிப் போகும் பொது வழி.

இரண்டாவது தெர்மோஸ்ரற்றுக்கு ஐந்து இழை வயர் ஒன்றைக் கூரைச் சட்டங்களுக்கு இடையால் இழுத்துக்கொண்டு வந்து சிவப்போடு சிவப்பு, வெள்ளையோடு வெள்ளை, நீலத்தோடு நீலம் என்று சேர்த்தேன். எது கேட்டாலும் ஃபேர்னஸ் எரியும். மஞ்சளைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் மேலே ஒருவர் சூடு கேட்க, கீழே ஒருவர் ஏசி கேட்க, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும் என்று தெரியும். இயந்திரத்துக்கு ஒரு கேடும் வரக்கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன்.

பூட்டி முடித்த அன்று தம்பியின் மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் என்னோடு பேசினார். பேரப்பிள்ளைக்குச் செய்த உதவிக்கு நன்றி என்றார். கோயிலில் சந்தித்த இரண்டு மூன்று பேரும் கேள்விப்பட்டுச் சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பின்னால் நடந்ததற்கு அந்தப் பிடித்தம்தான் வேர்.

நான் பூட்டியது தெர்மோஸ்ரற் மட்டும். காற்று எங்கே போகவேண்டும் என்று சொல்ல ஒன்றும் பூட்டவில்லை. கீழே 22 வரவேண்டும் என்று அவர்கள் வைத்தால் ஃபேர்னஸ் எரிந்துகொண்டே இருக்கும், சூடு குழாய்கள் அத்தனையிலும் ஏறும், கீழே 22 வரும்போது மேல்மாடி 26ஐத் தாண்டியிருக்கும். ஜனவரி நடுவில் அம்மா அறைச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தார். காஸ் பில் வந்தது. ஹீற், ஹைட்ரோ என்கிற மின்சாரம் எல்லாம் வாடகைக்குள் என்று பேசி விட்டவன் நான்.

கீழே போய்க் கதவைத் தட்டி, “தம்பி, நான் பூட்டினது சரிவரேல்லை, வேறை வழி பாப்பம்” என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடப் பேச்சு. அதற்குப் பதிலாக இரவு, உடுப்புத் தோய்க்கப் போகிறவன்போல ஃபேர்னஸ் அறைக்குள் போய் மூடியைக் கழற்றினேன். அம்மாவுக்காக என்று எனக்கு நானே சொன்னேன். காசு பெரிய காரியமில்லை என்றும் சொன்னேன். அம்மாவும் காசும் காரணங்கள்தான், ஆனால் முதற்காரணம் இல்லை. கொடுத்ததைத் திரும்ப எடுக்கிறேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல அண்ணை என்ற பெயரும் வேண்டும், கொடுத்தது திரும்பியும் வரவேண்டும். வெள்ளை வயர் இரண்டையும் எனக்குத் தந்தது.

தெர்மோஸ்ரற் என்ற இந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்பதை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அமெரிக்காவின் விஸ்கொன்சினில், வைற்வோட்டர் ஊர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வொரன் ஜோன்சன் என்ற ஆசிரியர் இருந்தார். ஒவ்வொரு வகுப்பாக வந்து சூடு பார்க்கும் பணியாள் பாடத்தைக் குழப்புகிறார் என்று, அறையின் நிலையைக் கீழே அடுப்பைப் பார்க்கிறவருக்கு மணியடித்துச் சொல்லும் மின்கருவி ஒன்றை அமைத்தார். 1883இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். சுவரில் எண் காட்டுவது இந்தக் கருவியின் வேலை இல்லை. அறையில் இருக்கிறவருக்குக் குளிர்கிறது என்பதை, நெருப்பைக் கையில் வைத்திருக்கிறவருக்குத் தெரியப்படுத்துவதுதான் அதன் வேலை. நெருப்பைக் கையில் வைத்திருந்த நான் அந்தச் செய்தி வரும் வழியை அடைத்தேன். எண்ணை மட்டும் அவர்களுக்கு விட்டேன்.

அந்த எண் பொய் சொல்லவில்லை. உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் பொதுவானதால் அடிக்கடி கீழே போவேன். அவர்கள் கதவு திறந்திருந்தால் சுவரில் அது தெரியும். கேட்டது 22, இருப்பது 17. ஒன்டாரியோ மாகாண விதியின்படி வாடகை வீட்டில் செப்டெம்பர் 1 தொடக்கம் ஜூன் 15 வரை குறைந்தது 20 பாகை இருக்கவேண்டும். ரொறன்ரோ நகரச் சட்டம் குளிர்காலத்துக்கு 21 என்கிறது. இரண்டும் எனக்குத் தெரியும். 17ஐப் பார்த்துக்கொண்டே உடுப்புக்கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்திருக்கிறேன்.

கொஞ்ச நாளில் கீழே பிறேக்கர் விழத் தொடங்கியது. இரண்டு மூன்று தடவை நான்தான் போய்த் தூக்கிவிட்டேன். பிறகு ஒரு பின்னேரம் தம்பி மேலே வந்தார். உள்ளே வரச் சொல்லியும் சப்பாத்து வைக்கும் இடத்திலேயே நின்றார். “அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்களுக்குச் சொல்லாமல் ஒரு சின்ன ஹீற்றர் வாங்கினனாங்கள். அதாலைதான் பிறேக்கர் விழுகுது. ஹைட்ரோ கூட வந்தா நான் தாறன்.”

1500 வாற் ஹீற்றர். எங்கள் 120 வோல்ற்றில் அது 12.5 அம்பியர் இழுக்கும். அந்த அறையின் பிறேக்கர் 15 அம்பியர். மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் விழாமல் என்ன செய்யும்? பிள்ளை படுக்கும் அறையில், விரித்த மெத்தைக்கு அருகில், இரவிரவாக அது எரிந்திருக்கிறது. தீப்பிடிக்கக்கூடும் என்ற நினைப்பு எனக்கு அந்த இடத்திலேயே வந்தது. அப்போதும் சொல்லவில்லை. காசு வேண்டாம் என்றேன். ஹீற்றரைத் துணிக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம் என்று புத்தி சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் செய்தவற்றில் எனக்கு அதிகம் கூசுவது வயரைக் கழற்றிய இரவு அல்ல, இந்தப் பின்னேரம்தான்.

பெப்ரவரியில் ஃபேர்னஸ் எரிந்த சில விநாடிகளில் அணைந்து அணைந்து போனது. சுவாலை இருக்கிறதா என்று பார்க்கும் சென்சரில் அழுக்கு. காஸ் வேலைக்கான ஜி2 சான்றிதழ் உள்ள ஒருவர் வந்து அதைத் துடைத்துப் பூட்டினார். பூட்டும்போது ரேப் சுற்றிய வெள்ளை வயரைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். பழைய வயர் என்றேன். அவர் அதன் சிவப்பும் நீலமும் இன்னும் பூட்டியிருப்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடியைப் போட்டார். அன்றும் நான் அதைத் திரும்பப் பூட்டவில்லை. பனி கரைந்து, வீட்டில் ஒருவருக்கும் சூடு தேவைப்படாத ஒரு நாளில்தான் பூட்டினேன். அந்தக் கோடையில் அவர்கள் ஏஜக்ஸில் வேறு வீடு பார்த்துப் போனார்கள்.

செய்திருக்கவேண்டியதை அதற்குப் பிறகுதான் செய்தேன். அந்த ரெக்னீசியனையே கூப்பிட்டேன். இரண்டு தெர்மோஸ்ரற் வேண்டுமென்றால் அவை நேரே ஃபேர்னஸுக்கு வரக்கூடாது, நடுவில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை வேண்டும் என்றார். ஒவ்வொரு தெர்மோஸ்ரற்றின் வயர்களும் அந்தப் பலகைக்கு வரும், பலகை மட்டும் ஃபேர்னஸோடு பேசும். மேலே போகும் குழாயிலும் கீழே போகும் குழாயிலும் மோட்டாரில் திரும்பும் தகட்டுக் கதவுகள் பூட்டினார். கீழே கேட்டால் கீழ்க்கதவு திறக்கும், மேல்கதவு மூடும். ஒருவர் சூடும் மற்றவர் குளிரும் கேட்டால் பலகை ஒருவரைக் காத்திருக்கவைக்கும். பேஸ்மென்ற் சிறியது என்பதால் அது மட்டும் திறந்திருக்கும்போது காற்று நெருக்கி ஃபேர்னஸ் மிதமிஞ்சிச் சூடாகலாம். அதற்காக மேல்கதவை முழுக்க மூடாமல் சிறு இடைவெளி விட்டார், குழாய்க்குள் ஒரு வெப்ப சென்சரும் வைத்தார். தரையோரம் தங்கும் குளிர்காற்றைத் திரும்ப இழுக்கக் கீழே ஒரு வாயும் வெட்டினார். இத்தனைக்கும் ஒன்றிரண்டு மாத வாடகைக்கு மேல் போகவில்லை. இவ்வளவுக்கும் வசதியில்லாதவர்கள், கீழே ஒரு அறை சென்சரை வைத்து இரண்டு இடத்தின் சராசரியைப் பார்க்கும் தெர்மோஸ்ரற் ஒன்றைப் பூட்டலாம். ரொறன்ரோவில் 2007இல் தொடங்கிய ஈகோபீ நிறுவனத்தின் கருவிகள் அப்படி வேலை செய்பவை. நான் செய்ததுபோல வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்துவிட்டுக் கீழே இருப்பவர்களுக்குச் சூடு கொடுத்துவிட்டதாக மட்டும் நினைக்கவேண்டாம். இதை எங்கள் ஆட்கள் பல வீடுகளில் செய்கிறார்கள்.

புதிதாக வந்த குடியிருப்பாளர்கள் முதல் குளிர்காலத்தில், கீழே நல்ல சூடு என்று சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஏஜக்ஸுக்குப் போனேன்.

தேத்தண்ணி வந்து, பிள்ளை பள்ளிக்கூடக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டி, எல்லாம் ஆனபிறகு சொன்னேன். வயரைக் கழற்றியது, ஏன் சிவப்பையும் நீலத்தையும் விட்டேன் என்பது, பழைய வயர் என்று சொன்னது, எல்லாம். தம்பி கோபப்படவில்லை. விளங்கிக்கொள்ளப் பார்த்தார். “அப்ப அந்த நெருப்புப் படம் எரிஞ்சது?” என்று கேட்டார். அது தெர்மோஸ்ரற் கேட்கிறது என்பதற்கான அடையாளம் மட்டும், ஃபேர்னஸ் பதில் சொன்னதற்கு அல்ல என்றேன். அவர் தலையாட்டினார்.

அவருடைய மனைவிதான் பேசினார். “நான் இவரைத்தான் ஏசினனான், அண்ணை. ஒவ்வொரு இரவும். ஒரு ஹீற்றைப் போடத் தெரியாத மனிசன் எண்டு. இவரும் எழும்பி எழும்பிப் போய் அதை அமத்திப்போட்டு வருவார்.”

இதை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. குளிரை நினைத்தேன், தீயை நினைத்தேன், சட்டத்தைக்கூட நினைத்தேன். புது நாட்டில் ஒவ்வொரு பொத்தானையும் புதிதாகப் பழகிக்கொண்டிருந்த ஒரு மனிதர், என் வயரால் தன் மனைவிக்கு முன்னால் ஒன்றும் தெரியாதவராக ஒரு குளிர்காலம் முழுக்க நின்றிருக்கிறார். தனக்குத்தான் போடத் தெரியவில்லை என்று அவரே நம்பியும் இருக்கிறார்.

ஹீற்றருக்கும், குளிரில் இருந்த மாதங்களின் வாடகையில் பாதிக்குமாக ஒரு தொகையை உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். தம்பி, “விடுங்கோ அண்ணை, நடந்தது நடந்துபோச்சு” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மனைவி எழும்பி வந்து உறையை வாங்கினார். என் முன்னாலேயே திறந்து எண்ணி, சரி என்றார்.