கோதுமைக்கு முந்தின மழை

எண்பதுகளின் தொடக்கத்தில் மூன்று வருடம் மத்தியப் பிரதேசத்தின் நரசிங்பூர் மாவட்டத்தில் வங்கியின் விவசாயக் கடன் பிரிவில் இருந்தேன். ஆகஸ்டில் அங்கே போய் இறங்கினால் தஞ்சாவூர்க்காரனுக்குச் சொந்த ஊர் மாதிரியே இருக்கும். உயரமான வரப்பு கட்டிய வயல்களில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஆனால் பயிர் ஒன்றும் இருக்காது!

ஹவேலி முறை என்பார்கள். மழைக்காலம் முழுக்கக் கரிசல் மண்ணைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அக்டோபர் தொடக்கத்தில் வடித்துவிட்டு, பதம் பார்த்துக் கோதுமை விதைப்பார்கள். களையும் அதற்குள் அழுகிப் போயிருக்கும். பிறகு பாசனமே கிடையாது. குளிர்காலத்தில் ஒரு மழை பெய்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அறுவடை வரை மண்ணுக்குள் இருக்கிற ஈரம்தான்.

நெல்லுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று வரப்பில் நின்றே சொல்லிவிடலாம். கோதுமைக்குத் தோண்டிப் பார்க்க வேண்டும். நாட்டு ரகத்தை நாலு விரல் ஆழத்தில், ஈரம் தொடுகிற இடத்தில் போடுவார்கள். குட்டை ரகங்களின் முளை அவ்வளவு ஆழத்திலிருந்து மேலே வர முடியாமல் திணறும். விதைத்த சுமார் 21 நாளில் தண்டின் அடியிலிருந்து புது வேர்கள் கிளம்பும். அப்போது மேல்மண் காய்ந்திருந்தால் அந்த வேர் ஓடாது, தூரும் கட்டாது. பூக்கும்போது ஈரம் போனால் மணிகளின் எண்ணிக்கை குறையும். பால் பிடிக்கும்போது போனால் மணி சுருங்கிவிடும்.

ஒரு வருடம் செப்டம்பர் மழை ஏமாற்றிவிட்டது. என்னிடம் பன்னிரண்டு ஏக்கர் கோதுமைக்குக் கடன் வாங்கியிருந்த பெரியவர் ஒருவர் (ஊரே அவரை தாதா என்றுதான் கூப்பிடும்) முழங்கை ஆழம் தோண்டி மண்ணை உருண்டை பிடித்துக் கீழே போட்டார். உதிர்ந்துவிட்டது. "சாப், அஞ்சு ஏக்கருக்குத்தான் கோதுமை" என்றார். பள்ளத்தில் இருந்த ஐந்தில் கோதுமை, மிச்சத்தில் கொண்டைக்கடலை.

மேலிடத்துக்கு இது பிடிக்கவில்லை. கோதுமைக்கு வாங்கிய கடனில் கடலை போடலாமா, பணத்தைத் திரும்ப வசூலியுங்கள் என்று கடிதம் வந்தது. நான் வயலுக்குப் போய், கோதுமை நிலம், கடலை நிலம் இரண்டிலும் தோண்டிப் பார்த்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. கடனும் தொடர்ந்தது.

பக்கத்து நிலத்துக்காரர் துணிந்து எல்லா ஏக்கரிலும் கோதுமை விதைத்திருந்தார். பயிர் முழங்கால் உயரம்தான் வந்தது. ஒற்றைத் தூர், விரல் நீளக் கதிர். ஹோலிக்கு முன்பே வீசிய வெப்பக் காற்றில் அதுவும் வெளுத்துப் போயிற்று. ஏப்ரலில் அவர் உழவு மாட்டு ஜோடியை விற்றார். தாதாவுக்கும் கோதுமையில் ஏக்கருக்கு இரண்டு மூட்டை குறைந்ததுதான். ஆனால் கடலை கடனை அடைத்தது.

பிறகு அந்தப் பக்கம் மழைக்காலத்தில் சோயா போட ஆரம்பித்து, வரப்புகளை வெட்டிச் சமன் செய்துவிட்டார்கள். கோதுமைக்குக் குழாய்க் கிணறு வந்தது. மூட்டை கூடியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்த மானாவாரிக் கோதுமையில் சுட்ட ரொட்டி மறுநாள் காலையிலும் மெத்தென்று இருக்கும். என் மனைவி இன்னமும் கடையில் கோதுமையை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது தண்ணி குடிச்சது" என்று வைத்துவிடுகிறாள்.